பன்னிரண்டாவது டொமிஷியன்

ஜூன் 9, திங்கள்

பொறுப்பேற்று எட்டு நாள் ஆகிறது. இந்த மாவட்ட அருங்காட்சியகத்துக்குக் காப்பாட்சியர் இப்போது நான்தான் என்ற செய்தி இங்கே வேலை பார்க்கும் நான்கு பேருக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. காலையில் டீ வந்தது, சர்க்கரை இல்லாமல். எனக்கு முன்னால் இருந்த ஜம்புலிங்கம் சாருக்குச் சர்க்கரை வியாதியாம். அவர் மார்ச்சில் ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போய்விட்டார், அவர் வியாதி மட்டும் மேசையில் இருக்கிறது. திருநெல்வேலியில் பிறந்த எனக்கு டீ என்றால் இரண்டு கரண்டி சர்க்கரை. சொன்னேன். மதியமும் அதே டீதான் வந்தது.

எதைக் கேட்டாலும் "ஐயா இப்படித்தானுங்க வெச்சிருந்தாரு" என்கிறார் சவரிமுத்து. அலுவலக உதவியாளர், முப்பத்து நான்கு வருட சர்வீஸ். இந்த மாதம் முப்பதாம் தேதி ஓய்வு. இன்று ஒரு தடவை என்னையே "ஐயா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முந்தைய ஊரில் தொடங்கிய என் தகுதிகாண் பருவம் ஜூலை பதினைந்தோடு முடிகிறது. அதற்குள் இருப்புச் சரிபார்ப்பை முடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஜம்புலிங்கம் சார் மாதிரி பத்து வருடம் இழுக்க மாட்டேன்.

ஜூன் 11, புதன்

இன்று தங்கக் காசுகள். இந்த அருங்காட்சியகத்தின் பெயரே இந்த அறுபத்து மூன்று ரோமானியக் காசுகளால்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வெள்ளக்கல்மேட்டில் கிணற்றுக்குக் குழாய் பதிக்கத் தோண்டும்போது கிடைத்தவை. பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று காப்பாட்சியரிடம், இன்னொன்று சவரிமுத்துவிடம். ஜம்புலிங்கம் சார் போன பிறகு நான் வரும் வரை, இரண்டு மாதம், இரண்டு சாவியும் சவரிமுத்துவிடம்தான் இருந்திருக்கின்றன. பக்கத்து மாவட்டத்திலிருந்து வாரம் ஒரு முறை வந்த பொறுப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

என் படிப்பு சோழர் செப்புத் திருமேனி. ரோமானியக் காசு என் துறை இல்லைதான். அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அரசர்களின் முகப் படங்களை வரிசையாக ஒட்டி லேமினேட் செய்து ஒரு அட்டை கொண்டு வந்திருக்கிறேன். அகஸ்டஸ் ஒல்லி முகம், நீரோவுக்குத் தடித்த கழுத்து, டொமிஷியனுக்குச் சுருள் முடி, உப்பிய கன்னம், துருத்திய மேலுதடு. அவனுக்கு அடுத்து வந்த நெர்வா கிழவர். நீளக் கழுத்து, கழுகு மூக்கு. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. மதியம் உட்கார்ந்து அறுபத்து மூன்றையும் முகம் பார்த்துப் பிரித்துவிட்டேன்.

பின்னால் நின்றுகொண்டிருந்த சவரிமுத்து, "ஐயா காசெச் சாச்சு வெச்சு, ஓரத்துல எழுத்தப் பாப்பாருங்க" என்றார். சாவியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை, காசைப் பார்ப்பது என் வேலை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அப்படிச் சொல்லாவிட்டால் இவர்கள் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

ஜூன் 12, வியாழன்

பதிவேட்டில் நெர்வா மூன்று, டொமிஷியன் பதினொன்று. தட்டில் நெர்வா இரண்டு, டொமிஷியன் பன்னிரண்டு.

மூன்று தடவை பார்த்தேன். மொத்தம் அறுபத்து மூன்று சரியாக இருக்கிறது. அப்படியென்றால் யாரோ ஒரு நெர்வாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு டொமிஷியனை வைத்திருக்கிறார்கள். நெர்வா அபூர்வம், விலை அதிகம். டொமிஷியன் பழங்காசு வியாபாரிகளிடம் அதைவிட மலிவாகக் கிடைக்கும். எண்ணிக்கை இடிக்காமல் இருக்கச் செய்த வேலை.

ஜம்புலிங்கம் சார் காசு காசாக எடை எழுதி வைத்திருந்தால் இன்றே தெரிந்திருக்கும். மகானுபாவர் மொத்தமாக ஒரே எடை எழுதி வைத்திருக்கிறார். படம் எடுத்து வைக்கவும் இல்லை.

உள்ளதைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்து பத்து நாளில், அத்தனை வருடம் யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டேன். மாலை ஐந்து மணிக்கே அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். சாவி யாரிடம் எத்தனை மாதம் இருந்தது என்பதையும் எழுதினேன். அது உண்மைதானே.

ஜூன் 14, சனி

நேற்று வெள்ளி, அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. இன்று காலை சவரிமுத்துவிடம் சாவியைக் கேட்டு வாங்கினேன். இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்தார். முடிச்சு இறுகிப்போய் அவிழ்க்க நேரம் ஆனது. டிக்கெட் கொடுக்கும் பெண்ணும் தோட்டக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னங்கம்மா ஆச்சு" என்றார். தலைமை அலுவலகம் சொல்லும் என்றேன். பெட்டகத்தைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தேன்.

வாடகை வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுது. வீட்டுக்காரம்மா திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறாள்.

ஜூன் 16, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து கண்காணிப்பாளர் பேசினார். என் அறிக்கையை மேலே எல்லோரும் பாராட்டினார்களாம். இருபத்தைந்தாம் தேதி இணை இயக்குநர் விசாரணைக்கு வருகிறார். சவரிமுத்து ஓய்வு பெறும் தேதி கிட்டத்தில் இருப்பதால் கோப்பு வேகமாக நகர்கிறது என்றார்.

அதன் அர்த்தம் அரசு வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெறுகிற நாளன்று சாயங்காலம் தற்காலிகப் பணிநீக்க ஆணை வரும். ஓய்வு பெற அனுமதிக்கவில்லை என்று அதிலேயே ஒரு வரி இருக்கும். வழக்கு முடிகிற வரை பணிக்கொடை கிடையாது, முழு ஓய்வூதியமும் கிடையாது. அந்த வழக்கு அஞ்சு வருடமும் நடக்கும், பத்து வருடமும் நடக்கும். எங்கள் ஊரில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் அப்படியே செத்துப்போனார்.

நான் யார் பெயரையும் குற்றவாளி என்று எழுதவில்லை.

ஜூன் 18, புதன்

சவரிமுத்து மதியச் சாப்பாட்டைத் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். மோட்டார் இன்னும் சரியாகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

விடுமுறை. விசாரணைக்குப் படம் எடுத்து வைக்கலாம் என்று தனியாக அலுவலகம் போனேன். இரண்டு சாவியும் என்னிடம்தானே இருக்கின்றன. முத்திரையை உடைத்துத் திறந்தேன்.

பன்னிரண்டு டொமிஷியன்களையும் ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தேன். லென்ஸில் பார்த்தேன். பதினொன்றில் ஓரத்து எழுத்து ஒரே மாதிரி இருக்கிறது. பன்னிரண்டாவதில் அப்படி இல்லை. தேய்ந்த எழுத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘நெர்’ வரைக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. முகம் டொமிஷியன் முகம்தான். அதே சுருள் முடி, அதே உதடு. வெளிச்சம் போதவில்லை.

படம் எடுக்கவில்லை. பூட்டிப் புது அரக்கு வைத்துவிட்டு வந்து மாவு ஆட்டினேன். உளுந்து அதிகமாகிவிட்டது, வழித்து எடுக்க முடியாமல் பொங்கிக்கொண்டு நின்றது.

ஜூன் 21, சனி

தோட்டக்காரர் பாம்புச் சட்டை ஒன்றை எடுத்து வந்து காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் வந்தார்கள். பெட்டகத்துப் பக்கம் போகவில்லை.

ஜூன் 23, திங்கள்

என் கணவரிடம் போனில் பொதுவாகக் கேட்டேன். ஒரு அறிக்கை அனுப்பின பிறகு அதில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று. அவர் பேங்கில் இருக்கிறார், சூட்டிகையான மனிதர். "எதுவும் எழுதிக் குடுக்காத. தகுதிகாண் முடியட்டும். விசாரணைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? அவங்க கண்டுபிடிக்கட்டும்" என்றார். நியாயம்தான். விசாரணை என்று ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் வந்து பார்க்கட்டும்.

மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூன் 25, புதன்

இணை இயக்குநர் பதினொரு மணிக்கு வந்தார். நிர்வாகத்துக்காரர், காசு பார்க்கத் தெரியாது. தட்டைத் திறந்து காட்டினேன். அட்டையைப் பார்த்தார், காசைப் பார்த்தார். "ஆமா, இதே மூஞ்சிதான்" என்றார். அந்த அட்டை நான் செய்தது.

"நல்லாச் சரிபாத்தீங்கல்ல?" என்று கேட்டார். சரிபார்த்தேன் என்றேன். பொய் இல்லை, சரிபார்த்தேன்தான்.

பிறகு சவரிமுத்துவைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தார். எழுதியது நான். டொமிஷியன், நெர்வா என்று அவர் கேட்கக் கேட்கச் சவரிமுத்து முழித்தார். ராஜாக்கள் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. எந்தக் காசைச் சொல்கிறார்கள் என்று அவருக்கு யாரும் காட்டவும் இல்லை. பெட்டகத்துக்கு முத்திரை வைத்ததும் நான்தானே. வாக்குமூலத்தில் அவர் சொன்னது மொத்தம் மூன்று வரி. அதை அப்படியே எழுதச் சொன்னார் இணை இயக்குநர்.

"அம்மா பாக்காம எழுதியிருக்க மாட்டாங்க. காசு மாறியிருக்குதுன்னு அவங்க சொன்னா மாறித்தான் இருக்கோணும். ஆனா நான் எடுக்கலீங்க."

பேனாவை மூடிவிட்டு எழுந்தேன். மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஜம்புலிங்கம் சாருக்குப் போன் செய்தேன். எதையும் சொல்லாமல், நெர்வா காசு பற்றி ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன். மனிதர் சிரித்துவிட்டார்.

"மூணாவது நெர்வாதானே? நானும் மொதல்ல அத டொமிஷியன்னுதான் எழுதப் போனேன். எல்லாரும் விழற குழிதாம்மா அது."

ரோம் நகரத்தில் டொமிஷியனை அரண்மனையிலேயே குத்திக் கொன்றிருக்கிறார்கள். அன்றைக்கே நெர்வாவை அரியணையில் ஏற்றிவிட்டார்கள். புது அரசர் பெயரில் காசு உடனே வெளியே போக வேண்டும், அப்போதுதான் படையும் ஜனமும் நம்பும். அச்சு வெட்டுகிறவர்களுக்கு நெர்வாவின் உருவம் இன்னும் வந்து சேரவில்லை. பதினைந்து வருடமாக டொமிஷியனையே வெட்டிப் பழகிய கை. பெயரை மட்டும் மாற்றிவிட்டு முகத்துக்குப் பழைய முகத்தையே வெட்டிவிட்டார்கள். பிற்பாடு வந்த அச்சுகளில்தான் நீளக் கழுத்தும் கழுகு மூக்கும். இதெல்லாம் காசு படித்தவர்களுக்கு முதல் பாடமாம். நான் "ஓ, சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். அந்தக் காசைக் கண்டுபிடித்ததே அவர் இல்லையாம். புதையல் வந்த புதிதில் காசுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த சவரிமுத்துதான், "மத்ததுல எல்லாம் ஒரே கோலம் போட்டிருக்குதுங்க, இதுல வேற கோலமா இருக்குதுங்க" என்று காட்டினாராம். அவருக்கு அந்த எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியாது. முகமும் அவருக்கு யார் முகமோ. அதனால் கோலத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

"சவரிமுத்து நல்லா இருக்காரா? முப்பதாந்தேதி விழாவுக்கு வரணும்னு பாக்கறேன்" என்றார். விழா எதுவும் இல்லை என்று சொல்லாமலே போனை வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

விடுமுறை. காலையிலேயே போய்ப் பெட்டகத்தைத் திறந்தேன். காசைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ‘நெர்வா’ என்று முழுசாக இருக்கிறது. லென்ஸே வேண்டாம்.

அறுபத்து மூன்றும் இருக்கின்றன. ஒன்றும் திருட்டுப் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது. நானும் என் அட்டையும்.

ஜூன் 28, சனி

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ‘கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள காசு’ என்று எழுதினேன். ‘பதிவேட்டில் போதிய விவரம் இல்லாத காரணத்தால்’ என்று ஒன்று எழுதினேன். நல்லாத்தான் இருந்தது, பழி முழுக்கத் திருச்சிக்குப் போயிருக்கும். கடைசியில் இப்படி எழுதினேன்: 12.06 தேதியிட்ட என் அறிக்கை தவறானது. மறு ஆய்வின்போது, மேற்படி காசு நெர்வாவின் காசு என்று தெரியவந்தது. காசு எதுவும் மாறவோ குறையவோ இல்லை. எழுத்தைப் படிக்காமல் முகத்தை மட்டும் பார்த்து வகைப்படுத்தியது என் பிழை. திரு. சவரிமுத்து அவர்களுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை.

மறு ஆய்வு எந்தத் தேதியில் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

மூன்று மணிக்கு மின்னஞ்சல், விரைவுத் தபால் இரண்டிலும் அனுப்பினேன். பன்னிரண்டாவது காசின் படம் இணைப்பு. கண்காணிப்பாளர் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை அங்கே அலுவலகம் கிடையாது. நமக்கு வெள்ளி, அவர்களுக்குச் சனியும் ஞாயிறும். இடையில் ஒரு மனிதனின் முப்பத்து நான்கு வருடம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சவரிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன். தப்பு என்னுடையது, கடிதம் போட்டுவிட்டேன் என்றேன். "அப்பிடிங்களா" என்றார். சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "ஆர்டர் வரட்டுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வராந்தாவைக் கூட்டினார். அது அவர் வேலையே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

பதில் இல்லை. கூட்டம் அதிகம். டிக்கெட் நூற்று எழுபது.

ஜூன் 30, திங்கள்

ஒன்பதே முக்காலுக்குக் கண்காணிப்பாளர் போனை எடுத்தார். தற்காலிகப் பணிநீக்க ஆணை கையெழுத்தாகி வெள்ளிக்கிழமையே தயாராக இருக்கிறதாம். "இப்பப் போயி இப்பிடி எழுதினா எப்பிடி மேடம்? இயக்குநர் கேப்பாருல்ல?" என்றார். கேட்கட்டும், பதில் நான் சொல்கிறேன் என்றேன். இயக்குநர் கூட்டத்தில் இருக்கிறார், மதியம்தான் வருவார் என்றார். பன்னிரண்டு, ஒன்று, இரண்டரை, மூன்றே கால் என்று போன் செய்துகொண்டே இருந்தேன். நான்கு மணிக்கு அவர் போனை அணைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

சவரிமுத்து புது வேட்டி சட்டையில் வந்திருந்தார். மாலை, பொன்னாடை எதுவும் வாங்கி வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. எந்த ஆணை வரும் என்று தெரியாமல் என்னத்தை வாங்குவது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் பெண் அவருக்கு மூன்று தடவை தண்ணீர் கொடுத்தாள். ஜம்புலிங்கம் சார் வரவில்லை, நான்தான் காலையில் பேசி நிறுத்திவிட்டேன். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஐந்தே முக்காலுக்கு மின்னஞ்சல் வந்தது. இரண்டு கோப்புகள். ஒன்று, திரு. சவரிமுத்து இன்று பிற்பகல் முதல் ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார். இன்னொன்று எனக்கு. ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிப்பு.

அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே இரண்டு தடவை படித்தார். அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன், எனக்கென்ன உரிமை. ஒரு நன்றி சொல்வாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

அவர் நன்றி சொல்லவில்லை. "நாளைக்கு ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லீட்டுப் போங்கம்மா" என்றார். "எம் பொண்ணு ஒரு நாளு கேட்டுருச்சுங்க, எடுத்தீங்களாப்பான்னு."

ஜூலை 1, செவ்வாய்

அரை நாள் விடுப்பு எழுதிவிட்டுப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால், மூன்றாவது சந்து. வீடு கேட்டதும் இரண்டு பேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். விஷயம் தெருவுக்கே தெரிந்திருக்கிறது. போன வாரம் பால்காரர் பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பால் ஊற்றுவதையே நிறுத்திவிட்டாராம், வேலை போகப்போகிற வீடு என்று.

மகள் பெயர் ஜெயராணி. நர்ஸ், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். சவரிமுத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். உங்க அப்பா எதையும் எடுக்கல. காசு எதுவும் போகல. எழுத்தப் படிக்காம மூஞ்சியப் பாத்து நான் தப்பா எழுதிட்டேன். வரும் வழியில் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது, அப்படியே சொல்லி முடித்துவிட்டேன். ஆறுதலாகக்கூட இருந்தது.

ஜெயராணி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்கிற குரல்தான்.

"தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

கடிதத்தில் இருக்கிற தேதியைச் சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு என்றால் போதும், யாரும் மறுத்துப் பேச முடியாது. கோப்பிலும் அதுதான் இருக்கிறது. சவரிமுத்து எனக்காகச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

"இருபதாம் தேதி" என்றேன்.

சவரிமுத்து சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தைந்தாம் தேதி அவருக்கு எதிரில் உட்கார்ந்து அவர் வாக்குமூலத்தை எழுதும்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.